ஒற்றைப்படை நொடி இல்லாத அலுவலகம்

நுர்காசியைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்ல மனிதன். என்னைவிட ஆறு வயது சிறியவன், மரியாதையாக அக்கா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் அறையில் சாய்ந்தால் முறியாத நாற்காலி ஒன்றுதான் உண்டு. அது அவனுடையது. மலை தெரிகிற ஜன்னலும் ஒன்றுதான், அதுவும் அவன் பக்கம். சியோலில் மூன்று வாரப் பயிற்சி என்று பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் யார் பெயர் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தவன் எல்லோருக்கும் கடற்பாசி வறுவல் கொடுத்தான். ருசியாக இருந்தது. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பிஷ்கெக்கில் நிரந்தரக் கோப்புக் களஞ்சியத்தில் நிரலாளர்கள். நாட்டில் உள்ள அலுவலகங்கள் எல்லாம் தங்கள் கோப்புகளை மூட்டையாகக் கட்டி எங்களுக்கு அனுப்பும். துணி மூட்டை இல்லை. ஆயிரம் கோப்பை ஒன்றாக அமுக்கி ஒரே கோப்பாக்குகிற கணினி மூட்டை. நாங்கள் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு கோப்பும் எந்த நொடியில் எழுதப்பட்டது என்பதை அனுப்பியவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, உள்ளே வைப்போம்.

ஒப்பிட்டால் நேரம் ஒத்துப்போகாது. ஒத்துப்போனால் அது அதிசயம். பட்டியலில் பதினேழு நொடி சொச்சம் என்று இருக்கும், பிரித்த கோப்பில் பதினாறு என்று இருக்கும். உடனே கணினி 'மாறியுள்ளது' என்று சிவப்பில் எழுதும். சிவப்பில் எழுதிய ஒவ்வொரு கோப்புக்கும் 'உள்ளடக்கம் மாறவில்லை, காலம் மட்டும் மாறியது' என்று ஒரு சான்றிதழ் வேண்டும். மூன்று பிரதி, நீல மசி, வட்ட முத்திரை. இதற்காகவே கால மாறுபாட்டுப் பிரிவு என்று ஒன்று இரண்டாம் மாடியில் இருந்தது. அதன் தலைவி சூராகான் அக்கா. அவருக்குக் கீழே நாற்பத்தோரு பெண்கள். களஞ்சியத்திலேயே பெரிய பிரிவு அதுதான். அங்கே வாரம் தவறாமல் யாருக்காவது பிறந்தநாள் வரும், பூர்சோக் மாவுத்துண்டுகள் பொரிக்கிற வாசனை நாலாம் மாடி வரைக்கும் ஏறும். அதிகச் சான்றிதழ் வழங்கியதற்காக அந்தப் பிரிவுக்கு இரண்டு முறை கேடயம் கிடைத்திருக்கிறது.

ஐந்து வருஷத்தில் இரண்டே இரண்டு கோப்புகள் நேரம் மாறாமல் வந்து சேர்ந்தன. அவற்றின்மேல் விசாரணை வைத்தார்கள்.

ஒரு மார்ச் மாதம் எனக்கு வேலை குறைவாக இருந்தது. பிரித்து வைத்த கோப்புகளின் நேரங்களைச் சும்மா பார்த்துக்கொண்டே போனேன். நாலு, பன்னிரண்டு, முப்பத்தாறு, ஐம்பத்தெட்டு. இன்னும் கீழே போனேன். ஒற்றைப்படை எண்ணே கண்ணில் படவில்லை. நாற்பது லட்சம் கோப்பில் ஒன்றுகூட ஒற்றைப்படை நொடியில் எழுதப்படவில்லை. இந்த நாட்டின் குமாஸ்தாக்கள் எல்லோரும் இரட்டைப்படை நொடிக்காகக் காத்திருந்து பொத்தானை அழுத்துகிறார்களா என்று ஒரு கணம் யோசித்தேன். எங்கள் குமாஸ்தாக்களை எனக்குத் தெரியும், அவர்கள் எதற்கும் காத்திருப்பவர்கள் இல்லை.

காரணம் எளிது. மூட்டை கட்டுகிற பழைய முறையில் நொடியை எழுத, பூஜ்யமோ ஒன்றோ மட்டும் போடக்கூடிய ஐந்தே கட்டங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து கட்டத்தில் முப்பத்திரண்டு எண்களுக்கு மேல் அடங்காது. நிமிஷத்துக்கோ அறுபது நொடி. அதனால் இரண்டிரண்டு நொடியாகச் சேர்த்து எழுதிவிடுவார்கள், மிச்சம் உதிர்ந்துபோகும். நொடியின் பின்னத்துக்கு இடமே இல்லை. பிற்பாடு வந்தவர்கள் மூட்டையின் ஓரத்தில் முழு நேரத்தையும் எழுதக் கூடுதலாக ஓர் இடம் ஒதுக்கினார்கள். எங்கள் நிரல் அந்த இடத்தில் எதையும் எழுதுவதில்லை. யாராவது எழுதி அனுப்பினால் அதைப் படிப்பதும் இல்லை.

அந்த இடத்தில் எழுதவும் படிக்கவும் பத்தொன்பது வரிகள் எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது. எங்கள் அறைக்கு வருகிற மூட்டைகளை எல்லாம் என் நிரல் ஓரமாக இன்னொரு முறை கட்டிப் பார்க்கட்டும் என்று சோதனைக்கு ஓட விட்டேன். பதினேழு நொடி சொச்சம் பதினேழு நொடி சொச்சமாகவே வெளியே வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாட்டுக்கு நன்மை செய்யும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. நுர்காசியிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவன் பார்க்கவும் வேண்டும். அதனால் அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவன் தன் நல்ல நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தான், திரும்பவும் படித்தான்.

"அக்கா, ரொம்ப நல்லாருக்கு. இத்தன வருஷமா இது யாருக்கும் தோணலையே."

நான் அடக்கமாக இருக்க முயன்றேன்.

"ஆனா ஒண்ணு. எழுபதுக்கு முந்தின கோப்பு வந்தா என்ன ஆகும்?"

"எழுபதுக்கு முந்தி ஏதுப்பா கணினி?"

"இப்ப அறுபத்திமூணாம் வருஷத்துப் பேப்பர ஸ்கேன் பண்றாங்கல்ல. அந்தக் கோப்புக்கு அந்த வருஷத்துத் தேதியத்தான் போடறாங்க. பின்னம் மட்டும் ஸ்கேன் பண்ண அன்னிக்கு உள்ளதே ஒட்டிக்கும். கணினிக்குக் காலம் எழுபது ஜனவரி ஒண்ணுலதான ஆரம்பிக்குது, அதுக்கு முந்தினதெல்லாம் கழித்தல் எண்ணு. கழித்தல் எண்ணுல நொடியையும் பின்னத்தையும் நீங்க இப்படிப் பிரிச்சா ஒரு நொடி தப்பிரும்."

எழுந்து நின்றபடியே என் விசைப்பலகையில் ஒரே ஒரு வரியைத் தட்டினான். அவனுக்கும் ஒரு நகல் அனுப்பி, இரண்டு கணினியிலும் ஓட்டிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. அந்த வரி அழகாகவும் இருந்தது. இருபது வரியில் அது ஒன்றுதான் படித்தவுடன் மனசில் நிற்கிற வரி.

நன்றி சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. எங்கள் பிரிவுக்குத் தலைமை நிரலாளர் பதவி காலியாக இருக்கிறது. வரும் ஏப்ரல் முதல் தேதி காலை பத்து மணிக்கு ஆலோசனைப் பெட்டி கணினியில் திறக்கும். சென்ற ஆண்டு நான் அனுப்பிய ஆலோசனை ஒன்றைத் தொலைத்த அதே பெட்டிதான். ஏற்கத்தக்க ஆலோசனை தருபவருக்குப் பதவி. ஒரே பொருளில் இரண்டு ஆலோசனை வந்தால் முதலில் வந்தது ஆலோசனை, அடுத்தது குப்பை என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். 'குப்பை' என்ற சொல்லுக்குப் பதில் 'மேற்பரிசீலனைக்கு உரியதல்லாத இணைப்பு' என்று இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி நான் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, இருபது வரியையும் என் பெயரில் தயாராக வைத்துக்கொண்டு பத்து மணிக்காக உட்கார்ந்திருந்தேன். இருபதையும்தான். நுர்காசி ஒரு முறை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. திரும்பவில்லை. பத்து மணிக்குப் பெட்டி திறந்தது. கடவுச்சொல்லை ஒரு முறை தப்பாக அடித்து, மறுபடி அடித்து, அனுப்பினேன்.

மதியம் முடிவு வந்தது. மூட்டையில் கோப்பு நேரத்தைக் காத்தல் என்ற பொருளில் இரண்டு ஆலோசனைகள். அனுப்பியவர்கள் நானும் நுர்காசியும். இரண்டும் வந்து சேர்ந்த நேரம் பத்து மணி, பூஜ்யம் நிமிஷம், ஆறு நொடி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வரியை என்னிடம் பார்த்துவிட்டு, ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மொத்தத்தையும் தன் பெயரில் போட்டுவிட்டான். ஜன்னலும் நாற்காலியும் சியோலும் போதவில்லை. அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். நான் எழுந்து வெளியே போனேன்.

இயக்குநர் ஷர்ஷெனோவ் ஒரு குழு அமைத்தார். அவர் தலைவர், சூராகான் அக்கா உறுப்பினர், அளவை அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு நிபுணர். குழுவின் முதல் ஆணை, தீர்ப்பு வரும்வரை வழக்காடும் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது. எங்கள் இருவருக்கும் ஒரே அறை என்பதால் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்தார்கள். என் பக்கம் இருட்டாகிவிட்டது. நுர்காசி தடுப்புக்கு மேலாக மடித்த தாள் ஒன்றைப் போட்டான். சமரசம் பேசுகிறான் என்று நினைத்து, பிரிக்காமலேயே கூடையில் போட்டேன்.

முதல் அமர்வில் இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் எல்லோரையும் தந்தை பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"புருலாய் அசனோவ்னா, நுர்காசி தலிபோவிச், ரெண்டு பேரும் கவனிங்க. இது நிரந்தரத்தைக் காக்கிற நிறுவனம். நிரந்தரத்துல நின்னு பார்த்தா நொடியும் வருஷமும் ஒரே அளவுதான். நொடியோட பின்னம்னு ஒண்ண நீங்க சொல்றீங்க. அந்தப் பின்னத்துல ஒரு மனுஷன் தும்மி முடிக்க முடியுமா? முடியாது. தும்மக்கூட ஆகாத ஒண்ணக் காப்பாத்தறதுக்கு அரசாங்கம் என்னை நியமிக்கல. நான் இங்க வந்து ஒன்பது வருஷமாச்சு. இந்த ஒன்பது வருஷத்துல இங்க எதுவும் மாறல. அதுதான் நம்ம சாதனை."

நுர்காசி கையைத் தூக்கினான். "ஐயா, அந்தக் கோப்புகள்ல என்ன எழுதியிருக்குன்னு ஒருதரம்..."

"உள்ளடக்கம் இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல. எது முதல்ல வந்துதுன்னு தெரியாம எத முதல்ல படிக்கிறது?"

குழு அதைக் குறித்துக்கொண்டது. தன்னை எடுப்பாகக் காட்டிக்கொள்கிறான் என்று நானும் மனசில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் அமர்வில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஆலோசனைகளும் கோப்புகள்தானே. அவற்றையும் மூட்டை கட்டிப் பிரித்திருந்தார்கள். அதனால் அவற்றின் நேரமும் மாறியிருந்தது. சூராகான் அக்காவின் பிரிவு முறைப்படி இரண்டுக்கும் சான்றிதழ் கொடுத்திருந்தது. காலம் மாறியது என்று சான்று பெற்ற கோப்பைக் காலத்துக்கு ஆதாரமாக எடுக்க முடியாது என்றார் நிபுணர். அப்படியானால் இந்த ஆலோசனைகள் எந்த நேரத்திலும் வரவில்லை என்று கொள்ளலாமா என்று இயக்குநர் கேட்டார். கொள்ளலாம், ஆனால் வந்திருக்கின்றன என்றார் நிபுணர். நுர்காசி கையைத் தூக்கினான். உட்காரச் சொன்னார்கள்.

மூன்றாம் அமர்வில் சம்பவத்தை மறுபடி நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு மேஜை போட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி என்ன உடுத்தியிருந்தீர்களோ அதையே உடுத்தி வாருங்கள் என்றார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது, நான் கம்பளிச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிபுணர் கையில் நிறுத்துக் கடிகாரம். நாங்கள் அழுத்தினோம். இருவருக்கும் பதினாலாம் நொடி என்று பதிவாயிற்று. மறுபடி அழுத்தினோம், மறுபடியும் ஒரே நொடி. மூன்றாம் முறையும் அப்படியே. நாலாவது முறை நுர்காசிக்குத் தும்மல் வந்துவிட்டது. அவன் மூக்கைத் துடைத்துவிட்டு அழுத்துவதற்குள் நாலு நொடி தள்ளிப்போனது. முந்தைய மூன்று முடிவுகளோடு ஒத்துப்போகாததால் அந்தச் சோதனையைக் குழு தள்ளுபடி செய்தது. நாங்கள் இருவரும் சமவேகம் கொண்டவர்கள் என்று ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று பிரதி.

அன்று மதியம் எல்லோரும் லக்மான் நூடுல்ஸ் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். எனக்குப் பசியில்லை. தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் அந்த ஒரு வரியை எப்படி யோசித்திருப்பான் என்று நூறாவது முறையாக நினைத்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று ஒன்று உறைத்தது. என் நிரல் இன்னும் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தவே இல்லை. ஆலோசனைப் பெட்டிக்கு வந்த கோப்புகளும் எங்கள் அறை வழியாகத்தான் மூட்டைக்குப் போகின்றன. அப்படியென்றால் ஏப்ரல் முதல் தேதி வந்ததையும் அது முழு நேரத்தோடு கட்டி வைத்திருக்கும்.

அந்த மூட்டையைப் பிரித்தேன்.

நுர்காசி, ஆறு நொடியும் ஆயிரத்தில் இருநூற்றுப் பதினாலும். நான், ஏழு நொடியும் ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இரண்டும்.

அவன்தான் முதல். ஏறக்குறைய ஒன்றேமுக்கால் நொடி முன்னால். நான் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்த நேரம்.

இது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். ஒரு விசையைத் தட்டினால் யாருக்குமே தெரியாமல் போய்விடும். அழிப்பதற்கு முன்னால் அவன் என்ன எழுதியிருக்கிறான், என் பத்தொன்பது வரியை எப்படித் தன்னுடையது என்று சொல்கிறான் என்று பார்த்துவிட்டால் திட்டுவதற்காவது ஆகும் என்று அவன் கோப்பைத் திறந்தேன்.

முதல் வரியில் இப்படி இருந்தது: 'ஆக்கம்: புருலாய் அசனோவ்னா. இது அவருடைய ஆலோசனையின் நகல். சென்ற ஆண்டு அவர் அனுப்பிய வேறொன்றை ஆலோசனைப் பெட்டி தொலைத்துவிட்டதால், பாதுகாப்புக்காக நானும் ஒன்று அனுப்புகிறேன். பதினாறாம் வரி மட்டும் நான் சேர்த்தது.' கீழே அவன் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது.

கோப்பை மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

வெட்கப்பட்டேன் என்று சொன்னால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைப்பீர்கள். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. நாற்காலி அவனுக்கு, ஜன்னல் அவனுக்கு, நல்ல வரி அவனுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டது. எனக்கு என்ன மிச்சம்? என் கோப்பில் இருபது வரியும் என் பெயரில் இருந்தது மிச்சம். அமர்வுகளில் அவன் இரண்டு முறை கையைத் தூக்கியதும் உட்கார்ந்ததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழு இத்தனை நாளில் இரண்டு கோப்பையும் ஒரு முறைகூடத் திறக்கவில்லை என்பதும் புரிந்தது. திறந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். நானும் முடிந்திருப்பேன்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பேசக் கூடாது என்று ஆணை இருந்தது வசதியாக இருந்தது.

நாலாம் அமர்வில் நுர்காசி கையைத் தூக்குவதற்கு முன்னால் நான் எழுந்தேன்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். அவன்தான் முதல்ல அனுப்பினான். நான் பாத்தேன். ஒண்ணேமுக்கால் நொடி முன்னாடி. அவன் அனுப்புனது என் பேர்லதான். என்னோடதுல ஒரு வரி அவனோடது, அவன் பேர நான் போடல. ரெண்டையும் திறந்து படிங்க."

அமர்வு அறையில் தடுப்பு இல்லாததால் நுர்காசியின் முகம் எனக்குத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணேமுக்கால் நொடின்னு எந்தக் கருவிய வெச்சுப் பாத்தீங்க, புருலாய் அசனோவ்னா?"

"என் நிரல வெச்சு."

"அது அங்கீகரிக்கப்பட்டதா?"

"அத அங்கீகரிக்கணுமான்னுதான் இங்க உக்காந்திருக்கோம்."

"அப்ப அங்கீகாரம் இல்ல. அங்கீகாரம் இல்லாத கருவி சொல்ற நேரம் நேரமே இல்ல. உங்க ஒப்புதல் வாக்குமூலத்த குழு ஏத்துக்கல." அவர் குறிப்பு எழுதுபவர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. அனுமதியில்லாம நொடியின் பின்னத்தைப் பார்வையிட்டதுக்கு எச்சரிக்கை."

"கோப்பத் திறந்து படிச்சாலே தெரிஞ்சிரும் ஐயா," என்றேன்.

நிபுணர் இருமினார். "திறந்தா, கடைசியாத் திறந்த நேரம்னு ஒண்ணு அதுல மாறும். அதுக்கு ஒரு சான்று வேணும்."

அதுவரை தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த சூராகான் அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் பேசி நான் கேட்டது குறைவு.

"இருங்க. நான் ஒண்ணு கேக்கறேன், பொண்ணே. நீ எழுதினது வந்துருச்சுன்னா நேரம் மாறாது. மாறலேன்னா சான்று வேணாம். சான்று வேணாம்னா என் நாப்பத்தோரு பொண்ணுங்க எங்க போவாங்க? அதுல பதினெட்டு பேரு புருஷன் ரஷ்யாவுல கூலிக்குப் போயிருக்கான். ரெண்டு பேரு புருஷன் எங்க போனான்னே தெரியல. நாங்க பண்ற வேல வெட்டி வேலன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்த ரெண்டு நொடியிலதான் நாங்க எல்லாரும் குடியிருக்கோம்."

இருபது வரி எழுதும்போது நாற்பத்தோரு பேரை நான் ஒரு முறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. ஒரே ஒருவனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் சங்கடமாக நெளிந்தார். சூராகான் அக்காவே மேலே பேசினார்.

"அதனால நான் சொல்றது, நிரல் வரட்டும். நேரம் சரியாவே வரட்டும். ஆனா சரியாத்தான் வந்துதுன்னு யாராவது சொல்லணும்ல? தப்பா வந்ததுக்கே மூணு பிரதி குடுத்தோம். சரியா வந்ததுக்குக் குடுக்கலேன்னா அது சரின்னு யார் நம்புவா?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. ஒன்பது வருஷத்தில் நான் அப்படி ஒரு மலர்ச்சியை அங்கே பார்த்ததில்லை. எழுந்து நின்றே பேசினார்.

"இதுதான் தொலைநோக்கு. மாறினத சொல்றது எந்த அலுவலகமும் செய்யும். மாறலேங்கறதையும் எழுதிக் குடுக்கிற முதல் நிறுவனம் நாமதான். பின்னத்துக்கு ஒன்பது இலக்கம்னா, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒருத்தர் பொறுப்பு. அறுபது பேராவது வேணும்."

தீர்ப்பு மாலைக்குள் வந்தது. காலம் சம்பந்தப்பட்ட ஆலோசனை எல்லாம் இயல்பாகவே கால மாறுபாட்டுப் பிரிவுக்கு உரியவை. ஆகவே இந்த ஆலோசனையை அளித்தவர் அந்தப் பிரிவின் தலைவி. ஆகவே தலைமை நிரலாளர் பதவியும் அவருக்கே. பிரிவின் பெயர் இனி 'கால மாறாமைப் பிரிவு'. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

பேசிக்கொள்ள எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தடுப்பைக் கழற்ற ஆள் வரவில்லை என்பதால் நாங்களே கழற்றினோம். கடைசித் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்த?"

"உங்க பேர்லதான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்கன்னு. ஒண்ணாந்தேதி காலையிலயே சொல்ல வந்தேன். நீங்க காதுல மாட்டிக்கிட்டுத் திரும்பவே இல்ல."

"என்னோடதுல உன் பேர் இல்ல."

"ஆமா, இல்ல," என்றான் நுர்காசி. பரவாயில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். "நீங்க அங்க சொல்லிக் கேட்டப்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு, அக்கா."

அவன் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவனாலும் முடியாத ஒன்று இருக்கிறதே என்று இருந்தது.

மறுநாள் சூராகான் அக்கா எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு தட்டு சம்சா. புதிய தலைமை நிரலாளர் கணினியைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார்.

"இங்க பாருங்க. மேல அட்டையில என் பேர் இருக்கும், அது அவங்க முடிவு. உள்ள யார் பேர வேணா எழுதிக்கோங்க. யாரும் திறந்து பாக்கப் போறதில்ல."

அப்படித்தான் என் பத்தொன்பது வரியும் அவனுடைய ஒரு வரியும் களஞ்சியத்துக்குள் போயின. பதினாறாம் வரிக்குப் பக்கத்தில் அவன் பெயரை நானே தட்டினேன். இன்றைக்கு எங்கள் களஞ்சியத்தில் ஒற்றைப்படை நொடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிச் சான்று உண்டு. இரண்டாம் மாடி போதாமல் மூன்றாம் மாடியையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள், பிறந்தநாள் வாரத்துக்கு இரண்டு வருகிறது.

செப்டம்பரில் நான் வேறொன்று எழுதினேன். பழைய மூட்டைகள் உள்ளூர் மணியில் எழுதப்பட்டிருக்கும், அதை உலகப் பொது மணிக்கு மாற்றுகிற நிரல். முப்பத்தோரு வரி. இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். அவனிடம் காட்டாமலே அனுப்பிவிடலாமா என்று யோசித்ததை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். மேலிருந்து கீழே படித்தான், மறுபடியும் படித்தான். அவன் விரல் ஒரு வரியில் நிற்பதைப் பார்த்தேன்.

"ரெண்டாயிரத்தஞ்சுக்கு முந்தி கோடையில கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்போமே அக்கா. அத யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் யோசித்து முடித்தேன். நாலு வரி கூடிற்று. பிறகு மேலே போய் ஆக்கம் என்ற இடத்தில் அவன் பெயரையும் சேர்த்தேன். என் பெயருக்குக் கீழேதான்.